சூரியோதயத்தை விற்ற தீவில் தங்க ஓர் அறை இல்லை
(நமது பகுதிநேர நிருபர்)

கட்சால் என்ற பெயரை நம் வாசகர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்? அந்தமானுக்கும் தெற்கே, கார் நிக்கோபாரையும் தாண்டி, கமோர்ட்டா, நன்கவுரி தீவுகளுக்கு மேற்கே கடலில் இருக்கிறது அந்தத் தீவு. காடு, தென்னை, ரப்பர் மரம். நிக்கோபாரிகள் வாழும் பூமி. அவர்களோடு தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

இந்தச் சின்னத் தீவின் பெயர் ஒரு நாள் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் அடிபட்டது. அந்த நாள் 1-1-2000.

லண்டன் அருகே கிரீன்விச்சில் நள்ளிரவு மணி 12 அடித்தால் நமக்குக் காலை மணி 5-30. உலகத்தின் நேரக் கணக்கு கிரீன்விச்சிலிருந்துதான் தொடங்குகிறது. அங்கே 2000-ம் ஆண்டு பிறக்கும் அதே நிமிடத்தில் சூரியன் உதிக்கும் இடம் எது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கணக்கு கட்சாலில் வந்து நின்றது. "புத்தாயிரத்தின் முதல் சூரியோதயம் இங்கே" என்று நம் சுற்றுலாத் துறை விளம்பரத்தில் இறங்கியது.

போட்டிக்கும் ஆள் இருந்தது. பசிபிக் கடலில் உள்ள கிரிபாட்டி என்ற குட்டி நாடு 1995-லேயே தேதிக்கோட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டது. கரோலின் என்ற தன் தீவுக்கு "மில்லேனியம் தீவு" என்றே பெயர் மாற்றியது. உதயசூரியனுக்கு இத்தனை கிராக்கி!

இதில் வேடிக்கை என்னவென்றால், கட்சாலில் டூரிஸ்டுகள் தங்க விடுதி என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. விடியலை விற்றவர்களிடம் விற்பதற்கு ஓர் அறை இல்லை.

இந்தப் பழைய கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு ஊரில் ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. குற்றாலம் பக்கம், ராமேசுவரம் பக்கம், ஏற்காட்டு அடிவாரம் என்று. "டூரிஸ்டுகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் என்ன? இன்டர்நெட்டில் நாமே விளம்பரம் செய்தால் தரகர் வேண்டாமே?" என்று கேட்கிறார்கள். எங்கள் ரிசர்வேஷன் ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாரம் ஒருமுறையாவது இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. இதற்குக் கட்சாலில் பாடம் இருக்கிறது.

பால் வெட்ட வந்தவர்கள்

கட்சாலுக்குத் தமிழர்கள் எப்படிப் போனார்கள்?

1964 அக்டோபர் 30-ல் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிரிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. தலைமுறை தலைமுறையாகத் தேயிலையும் ரப்பரும் வளர்த்தவர்கள் கப்பல் ஏறினார்கள். அப்படி வந்தவர்களுக்குப் பிழைப்புக் கொடுக்கத் தோட்டங்கள் போடப்பட்டன. நம் கர்நாடகத்திலேயே சுள்ளியா, புத்தூர் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் அவர்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னும் சிலருக்கு வாய்த்தது கட்சால். ரப்பர் மரத்தில் பால் வெட்டத் தெரிந்த கைகள் அங்கே தேவைப்பட்டன.

1977-ல் அந்தமான் நிக்கோபார் வன மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகம் உருவாயிற்று. கட்சால் ரப்பர் தோட்டம் அதன் கைக்கு வந்தது. கழகம் நஷ்டத்தில் ஓடியது. 2017-ல் அதை மூடிவிட மத்திய மந்திரிசபை முடிவு செய்தது. தோட்டத்தை நம்பியிருந்தவர்களின் பிழைப்பும் குடியிருப்பும் கேள்விக்குறியாயின.

இதற்கு நடுவில் 26-12-2004 அன்று சுனாமி. கட்சால் அடிவாங்கிய அடி சொல்லி மாளாது. 2001 மக்கள்தொகைக் கணக்கில் 5,312 பேர் இருந்த தீவில் 2011-ல் இருந்தவர்கள் 2,685 பேர். இறந்தவர்கள் போக, தீவை விட்டே போனவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம்.

ஏன் முடியாது?

சரி, அங்குள்ள ஒரு தமிழர் கடற்கரையோரம் இரண்டு குடிசை போட்டு, போட்டோ எடுத்து, "உலகின் முதல் சூரியோதயம் பாருங்கள், ஓர் இரவுக்கு இவ்வளவு" என்று இன்டர்நெட்டில் போடலாமா?

போட முடியாது. 1956-ம் ஆண்டின் பூர்வகுடிகள் பாதுகாப்பு ஒழுங்குவிதி என்று ஒன்று இருக்கிறது. ஒதுக்கப்பட்ட பகுதிகளில் பழங்குடி அல்லாதவர் அரசின் சம்மதமில்லாமல் நிலத்தில் எந்த உரிமையும் அடைய முடியாது. லைசென்ஸ் இல்லாமல் வியாபாரம் செய்ய முடியாது. வெளியார் உள்ளே நுழையவே பாஸ் வேண்டும். 2018-ல் வெளிநாட்டவருக்கான அனுமதி விதியைப் பல தீவுகளுக்குத் தளர்த்தினார்கள். கட்சாலும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆனால் பழங்குடிப் பாதுகாப்புச் சட்டம் தளரவில்லை.

இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலம் நிக்கோபாரிகளுடையது. சட்டம் இல்லாவிட்டால் எந்தெந்த ஊர்ப் பணக்காரரோ வந்து கடற்கரையை வளைத்துப் போட்டிருப்பார். நிக்கோபாரிக்கும் ஒன்றும் மிஞ்சியிராது, நம் தோட்டத் தொழிலாளிக்கும் மிஞ்சியிராது. ஆனால் நாலு தலைமுறை அடுத்தவன் தோட்டத்தில் உழைத்தவனுக்குத் தன் பெயரில் ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை இருக்காதா? அதற்குச் சர்க்கார் வேறு இடத்திலாவது வழி செய்ய வேண்டும். அது தனி வழக்கு.

நம் விஷயத்துக்கு முதல் பாடம் இது. விளம்பரம் பிற்பாடு. வீடு யார் பெயரில், அந்த இடத்தில் விருந்தாளியை வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா, இதுதான் முதலில்.

நீலகிரியில் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகள் என்ன ஆயின? 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவால் பூட்டுப் போடப்பட்டன. 2020 அக்டோபரில் வழித்தடம் செல்லும் என்று தீர்ப்பும் வந்தது. அந்த விடுதிகளுக்கு விளம்பரத்திலா குறை இருந்தது?

போர்ட் பிளேரில் வழி உண்டு

கட்சாலில் மூடிய கதவு போர்ட் பிளேரில் திறந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. 2011 கணக்குப்படி அந்தமான் நிக்கோபாரில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். சொந்த வீட்டில் ஒன்றிரண்டு அறைகளை ஒதுக்கி விருந்தாளிகளுக்கு விடுவது அங்கே பழகிப்போன தொழில்.

முன்பெல்லாம் அங்கே இன்டர்நெட் என்றால் செயற்கைக்கோளை நம்பியிருக்க வேண்டும். ஒரு போட்டோ ஏறுவதற்குள் காபி ஆறிவிடும். 10-8-2020 அன்று சென்னையிலிருந்து கடலுக்கடியில் போட்ட கேபிள் துவக்கி வைக்கப்பட்டது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். போர்ட் பிளேர், ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் ஐலண்டு, ரங்கத் ஆகிய எட்டு இடங்களுக்கு அது போகிறது. கமோர்ட்டா வரை வந்த கேபிள் பக்கத்துக் கட்சாலுக்குப் போகவில்லை.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தில் வீட்டுத் தங்கலுக்கென்று ஒரு திட்டம் இருக்கிறது. ஓர் அறை முதல் ஆறு அறை வரை, படுக்கை பன்னிரண்டுக்கு மேல் போகாமல் பதிவு செய்யலாம். தங்கம், வெள்ளி என்று தரம் பிரித்துச் சான்று தருவார்கள். ஆனால் வீட்டுக்காரர் குடும்பத்தோடு அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். நாம் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஊரில் பூட்டிய வீட்டை இந்தத் திட்டத்தில் சேர்க்க முடியாது. நம்மவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பூட்டிய வீட்டை விட, உள்ளாட்சி மன்றத்தில் என்ன லைசென்ஸ், எந்த வரி, எந்த மின்கட்டண வகை என்று முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்கு ஆன்லைனில் தெரிவித்தாக வேண்டும். நெடுங்காலமாக இதற்கு "சி" படிவம் என்று பெயர். 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றச் சட்டம் வந்திருக்கிறது. தெரிவிக்கும் கடமை மட்டும் நீங்கவில்லை. ஜி.எஸ்.டி.யைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு. அவ்வளவு வருகிறவர் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். வருமான வரிக் கணக்கில் இந்த வரவைக் காட்ட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

என்னைப் போன்ற ரயில்வே ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. 1966-ம் ஆண்டு நடத்தை விதிகளில் 15-வது விதியைப் படியுங்கள். முன் அனுமதியில்லாமல் நாம் வியாபாரம் செய்யக்கூடாது. மனைவி பெயரில் நடத்தினாலும் ஆபீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். மற்ற மத்திய சர்க்கார் குமாஸ்தாக்களுக்கும் இதே மாதிரி விதிதான்.

சொந்தக்காரர் திறந்த கடை

இன்டர்நெட்டில் வீட்டை வாடகைக்கு விடும் வழக்கத்தை ஆரம்ப நாளிலேயே தொடங்கியவர்களில் ஒருவர் நம்மைப் போல ஒரு வீட்டுக்காரர்தான். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் கிளவுஸ் என்பவருக்குப் பிரெக்கன்ரிட்ஜ் என்ற பனிச்சறுக்கு ஊரில் ஒரு வீடு இருந்தது. அதை வாடகைக்கு விட 1995-ல் ஓர் இணையதளம் திறந்தார். "சொந்தக்காரரே விடும் விடுமுறை வீடுகள்" என்பது அதன் பெயருக்கு அர்த்தம். அதைச் சுருக்கி வி.ஆர்.பி.ஓ. என்றார்கள். மற்ற வீட்டுக்காரர்களும் சேர்ந்தனர். ஆண்டுச் சந்தா கட்டினால் போதும். விருந்தாளியும் வீட்டுக்காரரும் நேராகப் பேசிக்கொள்வார்கள்.

2006-ல் ஹோம்அவே என்ற கம்பெனி அதை வாங்கியது. 2015-ல் ஹோம்அவேயை எக்ஸ்பீடியா வாங்கியது. விலை 390 கோடி டாலர். மறு ஆண்டே விருந்தாளிகளிடம் தனிக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கினார்கள். தரகர் வேண்டாம் என்று திறந்த கடையில் தரகரே கல்லாவில் வந்து உட்கார்ந்த கதை இது.

இப்போதுள்ள பெரிய தளங்கள் இலவசமாகவே வீட்டைப் பதிய விடுகின்றன. கமிஷன் பிறகு. சில தளங்கள் நூற்றுக்குப் பதினைந்து வாக்கில் வீட்டுக்காரரிடமே பிடித்துக்கொள்கின்றன. சில தளங்கள் விருந்தாளிக்கும் வீட்டுக்காரருக்குமாகப் பிரித்துப் போடுகின்றன. எப்படிப் பிரித்தாலும் அது நம் வாடகையிலிருந்து போவதுதான்.

அதற்காகப் பெரிய தளமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெயர் தெரியாத வீட்டுக்கு முதல் ஆண்டில் ஆள் அங்கிருந்துதான் வரும். அதோடு நிறுத்தாமல் நமக்கென்று ஒரு முகவரியையும் சேர்த்து வளர்க்க வேண்டும். கூகுள் மேப்பில் நம் இடத்தைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. சொந்தப் பெயரில் ஒரு சிறிய இணையதள முகவரி ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் வியாபாரக் கணக்கு சும்மா வருகிறது. ஒன்று மட்டும் கவனம். தளத்தின் மூலம் விசாரித்தவரை "கமிஷன் மிச்சம், நேராக வாருங்கள்" என்று இழுப்பது அவர்கள் விதிக்கு விரோதம். கண்டுபிடித்தால் கணக்கையே முடக்கிவிடுவார்கள். வந்து தங்கியவர் ஊருக்குப் போய் மைத்துனரிடம் சொல்லி, அவர் நம்மைத் தேடி வந்தால் அதை யாரும் தடுக்க முடியாது.

எதை எழுதுவது?

விளம்பரம் எழுதும் விதத்தைக் கட்சாலிடம் கற்றுக்கொள்ளலாம். "அழகிய தீவு, நீலக் கடல், வெள்ளை மணல்" என்று எழுதியிருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? அதைத்தான் எல்லாத் தீவும் சொல்கிறது. "கிரீன்விச்சில் நள்ளிரவு அடிக்கும்போது இங்கே சூரியன் உதிக்கிறது" என்பதை எல்லாத் தீவும் சொல்ல முடியுமா? அது உண்மை. சரிபார்க்கக்கூடியது. எல்லாருக்கும் வாய்க்காதது.

நம் வீட்டுக்கும் அப்படி ஒன்று இருக்கும். "அருவிக்கு நடந்து பன்னிரண்டு நிமிடம்." "கிணற்றுத் தண்ணீர் கோடையிலும் வற்றாது." "மாமியார் மாடி ஏற வேண்டாம், எல்லாம் கீழ்த்தளம்." சொகுசு, ரம்மியம் என்று எழுதுவதைவிட இந்த ஒரு வரி அதிக ஆளைக் கொண்டுவரும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு கிலோமீட்டர் மண்பாதை என்றால் மண்பாதை என்றே போடுங்கள். பவர்கட் உண்டு என்றால் உண்டு. வந்து இறங்கி ஏமாந்தவர் எழுதும் ஒரு விமர்சனம் பத்து போட்டோக்களை அடித்துவிடும். குளியலறைப் படத்தை மறைக்காதீர்கள். பெண்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஒரே பெர்த், இரண்டு டிக்கெட்

நான் ரிசர்வேஷனில் இருப்பதால் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. ரயிலில் எந்த ஊர்க் கவுண்டரில் டிக்கெட் எடுத்தாலும் எல்லாம் ஒரே கம்ப்யூட்டர் கணக்கில் விழும். அதனால் ஒரு பெர்த்தை இரண்டு பேருக்கு விற்க முடியாது. வீட்டுக்காரர் மூன்று தளங்களில் பதிந்து, போனிலும் ஆள் பிடித்தால், அவரிடம் நான்கு சார்ட் இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் இரண்டு குடும்பம் ஒரே வாசலில் பெட்டியோடு வந்து நின்றால் என்ன பதில் சொல்வது? தளங்களின் காலண்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் மாற்றம் போய்ச் சேரச் சில மணி நேரம் ஆகலாம். போனில் ஒப்புக்கொண்ட தேதியைப் போனைக் கீழே வைத்தவுடன் எல்லாத் தளத்திலும் அடைத்துவிட வேண்டும்.

தீவில் இன்னொரு தொல்லை. காற்று மழையில் கப்பல் நின்றுவிட்டால் விருந்தாளி வந்து சேர முடியாது. அட்வான்ஸ் யாருக்கு? இதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேறு தேதி கொடு. இரண்டில் ஒன்றைத் தெளிவாகச் சொன்னால் சண்டை வராது.

"நான் ராணுவத்தில் இருக்கிறேன்"

வீட்டை இன்டர்நெட்டில் போட்ட வீட்டுக்காரருக்கு வரும் போன்களில் இதுவும் ஒன்று. "நான் ராணுவ அதிகாரி. குடும்பத்தோடு பத்து நாள் தங்க வேண்டும். முழுப் பணமும் இப்போதே தருகிறேன்." இந்தியில் மரியாதையாகப் பேசுவார். அடையாள அட்டையின் படமும் வரும். அடுத்து ஒரு கியூ.ஆர். படம். "இதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள், பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும்." போட்டால் பணம் வராது. நம் கணக்கில் இருப்பது போய்விடும்.

யு.பி.ஐ.யில் பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை. கொடுக்கத்தான் வேண்டும். இதை வீட்டில் உள்ளவர்களுக்கும், ஊரில் சாவி வைத்திருப்பவருக்கும் சொல்லி வையுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டிருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

கணக்குப் பார்ப்போம்

ஓர் உதாரணக் கணக்கு. ஊரில் இரண்டு அறை வீடு. இரவுக்கு 2,000 ரூபாய். ஆண்டில் 90 இரவு ஆள் வந்தால் 1,80,000 ரூபாய். கேட்க இனிப்பாக இருக்கிறது.

எல்லாரும் தளத்தின் மூலமே வந்தால், நூற்றுக்குப் பதினைந்து வீதம் கமிஷன் 27,000. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மாதம் 6,000 என்றால் ஆண்டுக்கு 72,000. கரண்டு, தண்ணீர், இன்டர்நெட் 18,000. படுக்கை விரிப்பு துவைக்க, சோப்பு, சுண்ணாம்பு, ரிப்பேர் 15,000. மிச்சம் 48,000.

இதில் பாதி இரவுகளுக்கு ஆள் நேராக நம்மிடமே வந்தால் கமிஷனில் 13,500 மிஞ்சும். கையில் நிற்பது 61,500.

அதே வீட்டுக்கு ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மாதம் 5,000 வாடகை தருவார் என்றால் ஆண்டுக்கு 60,000. அவர் வீட்டைக் கூட்டிப் பெருக்கி விளக்கும் ஏற்றி வைப்பார். நள்ளிரவில் "சுடுதண்ணீர் வரவில்லை" என்று பெங்களூருக்குப் போன் வராது. நேராக வரும் விருந்தாளிகளைச் சேர்க்க இரண்டு மூன்று ஆண்டு பொறுமை உள்ளவர், ஊரில் நம்பிக்கையான ஆள் உள்ளவர் இறங்கிப் பார்க்கலாம். மற்றவர்கள் அந்த ஆசிரியரை விட்டுவிட வேண்டாம்.